நீரிலும் நிலத்திலும் ஓடும் ஏ.டி.வி.யில் ஸ்டார்ட்டர் மோட்டார் மாற்றுவது எப்படி?

ஆறு சக்கரமோ எட்டுச் சக்கரமோ வைத்துக்கொண்டு சேற்றிலும் குளத்திலும் இறங்கி ஏறும் ஏ.டி.வி.களில் (எந்த நிலத்திலும் ஓடும் வண்டிகளில்) ஸ்டார்ட்டர் மோட்டார், அதாவது செல்ஃப் மோட்டார், படும் பாடு மற்ற வண்டிகளைவிட அதிகம். வண்டியின் அமைப்பே அப்படி. கனடாவில் 1967 முதல் தயாராகும் ஆர்கோ உட்பட இந்த வகை வண்டிகளில் பலவற்றின் உடல் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டிதான். வண்டியை மிதக்கவைப்பது அந்தத் தொட்டி. உள்ளே வந்த தண்ணீரை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்வதும் அதே தொட்டி. சக்கர அச்சு தொட்டியைத் துளைத்து வெளியேறும் இடத்தை அடைக்கும் ஆக்ஸில் சீல் கொஞ்சம் தேய்ந்தாலே நீர் கசியும். மேலிருந்து தெறித்து விழுவது, ஏறுபவர்களின் காலோடு வருவது எல்லாம் சேர்ந்து அடியில் தேங்கும். இன்ஜினும் அந்தத் தொட்டிக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. வண்டி மேடேறும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் தேங்கிய நீர் முன்னும் பின்னும் ஓடும். அப்புறம் மூடியைப் போட்டு வண்டியை நிறுத்திவிட்டால், இன்ஜின் சூட்டில் எழுந்த ஆவி இரவெல்லாம் உள்ளேயே நின்று, கிடைத்த இரும்பின் மேலெல்லாம் படியும்.

ஆகவே மோட்டாரை மாற்றுவது இந்த வேலையில் பாதிதான். நீர் எங்கிருந்து வந்தது, எர்த் இணைப்பு (கரண்ட் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பும் வழி) சரியாக இருக்கிறதா என்ற இரண்டையும் பார்க்காமல் புது மோட்டாரைப் போட்டால், அதுவும் பழையது போன வழியிலேயே போகும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த இரண்டும் திரும்பத் திரும்ப வரும்.

இங்கே சொல்வது 12 வோல்ட் பேட்டரியும் ஒன்று அல்லது இரண்டு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினும் கொண்ட வண்டிகளுக்குப் பொருந்தும். கோலர், கவாசாகி, பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் என்று இன்ஜின் எதுவானாலும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற அளவை மட்டும் உங்கள் இன்ஜினின் சர்வீஸ் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோளாறு மோட்டாரில்தானா?

செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் பலர் நேராக மோட்டார் வாங்கப் போய்விடுகிறார்கள். பொறுங்கள். இந்த வண்டிகளில் மோட்டார் மேல் பழி விழும் கோளாறுகளில் பல, உண்மையில் வேறிடத்தில் இருக்கும். கையில் ஒரு மல்டிமீட்டர் இருந்தால் போதும், சீக்கிரம் தெரிந்துவிடும்.

பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். வண்டி சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு அளந்தால், முழு சார்ஜில் உள்ள சாதாரண ஈய அமில பேட்டரி 12.6 வோல்ட் சுற்றிக் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் அடுத்த சோதனை. சாவியைத் திருப்பும்போது 9.6-க்கும் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனமாக இருக்கலாம், அல்லது மோட்டார் ஏதோ ஒன்றில் சிக்கிக்கொண்டு அளவுக்கு மீறி கரண்ட் இழுக்கிறது.

வண்டி சமீபத்தில் நீரில் இறங்கியதா? அப்படியானால் இன்னொன்றைக் கட்டாயம் பாருங்கள். காற்று வடிகட்டி வழியாக நீர் உள்ளே போய் சிலிண்டரில் நின்றுவிட்டால், நீரை அமுக்க முடியாது. பிஸ்டன் பாதியில் நின்றுவிடும். எவ்வளவு நல்ல மோட்டாரானாலும் அதைச் சுற்ற முடியாது. அடம்பிடித்துச் சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தால் கனெக்டிங் ராடு வளையும். கார்புரேட்டரின் ஊசி வால்வு ஒழுகி சிலிண்டரில் பெட்ரோல் நிறைந்தாலும் இதே கதைதான். சாவியைத் தொடாமல், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி இன்ஜினைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். ஆயில் அளவுகோலையும் இழுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்தது மாதிரி வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது. அப்போது முதல் வேலை ஆயில் மாற்றுவது, மோட்டார் அல்ல.

அடுத்தது எர்த். காரில் இரும்பு பாடி முழுவதுமே பேட்டரியின் மைனஸ் மாதிரி வேலை செய்யும். இங்கே பாடி பிளாஸ்டிக். அதன் வழியாக எதுவும் ஓடாது. இன்ஜினும் அதிர்வு தாங்க ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கும். ஆகவே மோட்டாருக்குப் போன கரண்ட் முழுவதும் திரும்பி வருவது ஒரே ஒரு எர்த் கேபிள் வழியாகத்தான். அந்த கேபிளின் முனை பெரும்பாலும் தாழ்வான இடத்தில், நீர் தேங்கும் பக்கமாகவே இருக்கும். வெளியே பார்க்க நன்றாக இருக்கும். ரப்பர் உறையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினால் உள்ளே செம்பு பச்சைப் பொடியாகியிருக்கும்.

இதை அளக்கும் முறை எளிது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் தூணிலும் மறுமுனையை மோட்டாரின் உலோக உடலில் சுரண்டிய ஓர் இடத்திலும் வைத்து, வேறொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் சரி. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் கேபிளையும் அதன் இரு முனைகளையும் பாருங்கள். அதேபோல பேட்டரியின் பிளஸ் தூணுக்கும் மோட்டாரின் பெரிய டெர்மினலுக்கும் இடையே அளந்தால் அரை வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. இருந்தால் கேபிளோ சோலினாய்டோ (சாவியைத் திருப்பியதும் மோட்டாருக்குக் கரண்டை இணைக்கும் காந்த சுவிட்ச்) வோல்ட்டைத் தின்கிறது. ஒன்றை மறக்க வேண்டாம்: கரண்ட் ஓடினால்தான் இந்த அளவுகளுக்கு அர்த்தம். மோட்டாருக்குள் சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் பிரஷ் ஒட்டாமல் கரண்டே ஓடவில்லை என்றால் எர்த் பக்கம் பூஜ்யம் காட்டும். அதை நம்பி எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது.

சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை என்றால் ஃபியூஸ், சாவி சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச் ஆகியவற்றைப் பாருங்கள். பல மாடல்களில் கியர் நியூட்ரலில் இல்லாவிட்டால் செல்ஃப் எடுக்காது. 'டக்' என்று ஒரே சத்தம் வந்து நின்றால் ரிலேயோ சோலினாய்டோ இழுக்கிறது, ஆனால் அதற்கு அப்பால் எங்கோ தடை. 'உய்ங்' என்று மோட்டார் மட்டும் சுற்றி இன்ஜின் அசையாமல் இருந்தால், இன்ஜினின் பற்களோடு போய்ச் சேர வேண்டிய பினியன் பல்சக்கரம் வெளியே வரவில்லை. தண்டில் துருவும் மண்ணும் ஏறியிருக்கும். இந்த ஒரு கோளாறுக்கு மோட்டாரைக் கழற்றிச் சுத்தம் செய்தாலே பல நேரம் போதும்.

இவை எல்லாம் சரியாக இருந்து, மோட்டாரின் டெர்மினலில் 10 வோல்ட்டுக்கு மேல் வந்தும் அது அசையவில்லை என்றால் சந்தேகமில்லை, மோட்டார்தான்.

ஸ்பேனரால் மோட்டாரைத் தட்டினால் ஓடும் என்று சொல்வார்கள். சிக்கிய பிரஷ் அசைந்து கொடுத்து ஓடவும் செய்யலாம். ஆனால் சிறிய மோட்டார்கள் பலவற்றில் உள்சுவரில் ஒட்டியிருப்பது பீங்கான் போன்ற காந்தத் துண்டுகள். ஓங்கி அடித்தால் அவை உடைந்து, பழுது பார்க்க முடிந்த மோட்டார் குப்பைக்குப் போகும். காட்டுக்குள் மாட்டிக்கொண்டு வேறு வழியே இல்லாதபோது மெல்லத் தட்டலாம், அவ்வளவுதான்.

கைவைக்கும் முன்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, பார்க்கிங் பிரேக் போடுங்கள். இன்ஜின் நன்றாக ஆறட்டும். மோட்டாருக்குப் பக்கத்தில்தான் சைலன்சர் குழாய் போகும் வண்டிகள் உண்டு. தொட்டியின் அடியிலுள்ள டிரெய்ன் பிளக்குகளைக் கழற்றி நீரை முழுவதும் வடியவிடுங்கள். கழற்றிய பிளக்குகளை ஓட்டுநர் இருக்கையின் மேல், கண்ணில் படுகிற மாதிரி வையுங்கள்.

அடுத்து, மூடியையும் இருக்கையையும் தரைப் பலகைகளையும் எடுத்துவிட்டு வண்டியைக் காற்றாட விடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. சாதாரண வண்டியில் ஒழுகிய பெட்ரோல் தரையில் விழுந்து ஆவி கலைந்துவிடும். இங்கே அது தொட்டியின் அடியிலேயே படுத்துக்கிடக்கும். பேட்டரி கேபிளைக் கழற்றும்போது வரும் சிறு பொறியே போதும். பெட்ரோல் வாசனை கொஞ்சம் இருந்தாலும் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்து அடைக்காமல் மேலே போகாதீர்கள். சோலினாய்டின் இரு டெர்மினல்களையும் ஸ்குரூ டிரைவரால் இணைத்து வண்டி எடுக்கும் பழக்கம் இந்த வண்டிகளில் வேண்டவே வேண்டாம் என்பதும் இதனால்தான்.

சரி, இப்போது பேட்டரி. மைனஸ் முதலில், பிளஸ் பிறகு. மைனஸைக் கழற்றிய பின் ஸ்பேனர் தவறி இரும்புச் சட்டத்தில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. மைனஸ் முனையில் ஒரு துணியைச் சுற்றி ஒதுக்கி வையுங்கள்.

கருவிகள் என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம்: சாக்கெட் செட், நீட்டிப்புத் தண்டு, சில ஸ்பேனர்கள், டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்), கம்பி பிரஷ், உப்புத்தாள், துரு இளக்கும் எண்ணெய், மல்டிமீட்டர், தலையில் மாட்டும் விளக்கு. மோட்டாருக்குக் கீழே ஒரு பழைய துண்டை விரித்துவிடுங்கள். கைதவறும் நட்டு தொட்டிக்குள் விழுந்து, சங்கிலிக்கும் சட்டத்துக்கும் இடையில் போய் ஒளிந்துகொண்டால், அதைத் தேடுவது மோட்டார் மாற்றுவதைவிடப் பெரிய வேலை. தேடாமல் விட்டால் சங்கிலிக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே அகப்படும்.

பழையதைக் கழற்றுதல்

மோட்டார் இன்ஜினின் பக்கவாட்டில், ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரத்தை ஒட்டி, உருளை வடிவில் இருக்கும். பேட்டரியிலிருந்து வரும் தடித்த கேபிளைப் பின்தொடர்ந்தால் சோலினாய்டு வழியாக அங்கே போய்ச் சேர்வீர்கள். சில வண்டிகளில் காற்றுக் குழாயையோ சூட்டுத் தடுப்புத் தகட்டையோ எடுத்தால்தான் கை நுழையும். எதையும் கழற்றும் முன் கைப்பேசியில் படம் எடுங்கள், இரண்டு மூன்று கோணத்தில்.

முதலில் கேபிள். டெர்மினலில் இரண்டு நட்டுகள் இருந்தால் உள்நட்டை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு வெளிநட்டை மட்டும் திருப்புங்கள். உள்நட்டைப் பிடிக்காமல் திருப்பினால் டெர்மினல் தண்டே சுழன்று உள்ளே பிரஷ்ஷோடு இருக்கும் இணைப்பு அறுந்துவிடும். மாட்டும்போதும் இதே கவனம் வேண்டும்; புது மோட்டார் முதல் நாளே பாழாவதற்கு இது ஒரு காரணம். சோலினாய்டு மோட்டாரின் முதுகிலேயே இருக்கும் வகையென்றால் ஒரு மெல்லிய வயரும் வரும். அதன் முனையை இழுத்தால் வந்துவிடும்.

அடுத்து மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள், பெரும்பாலும் இரண்டு. இங்கேதான் புதியவர்கள் தடுமாறுவார்கள். மோட்டாரின் பின்மூடியில் இரண்டு நீளமான போல்ட்டுகளின் தலை தெரியும். சில மோட்டார்களில் அவை மோட்டாரின் பாகங்களை மட்டும் சேர்த்துப் பிடிப்பவை. அவற்றைக் கழற்றினால் மோட்டார் இன்ஜினிலேயே இருக்க, பின்மூடி தனியாக வந்து, பிரஷ்களும் ஸ்பிரிங்குகளும் தொட்டிக்குள் சிதறும். இன்ஜினின் உடலோடு மோட்டாரின் காது சேரும் இடத்தில் இருக்கும் போல்ட்டுகள்தான் உங்களுக்கு வேண்டியவை. சந்தேகமாக இருந்தால் புது மோட்டாரைப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள்: புது மோட்டாரில் ஏற்கெனவே மாட்டப்பட்டு வந்திருக்கும் போல்ட்டுகளை வண்டியில் தொடக் கூடாது.

இன்ஜின் உடல் அலுமினியம், போல்ட் இரும்பு, நடுவில் வருடக்கணக்கில் ஈரம். இறுகிப் பிடித்திருக்கும். எண்ணெய் விட்டு ஒரு மணி நேரமாவது விடுங்கள். முந்தின இரவே விட்டால் இன்னும் நல்லது. கொஞ்சம் தளர்த்தி, மறுபடி இறுக்கி, மறுபடி தளர்த்தி என்று பொறுமையாக எடுங்கள். நீளமான பைப்பை மாட்டி ஒரே மூச்சில் இழுத்தால் போல்ட் உள்ளேயே முறியும். அதை எடுக்கப் பல நேரம் இன்ஜினையே வெளியே எடுக்க வேண்டிவரும். கடைசி போல்ட் கழன்று வரும்போது மோட்டாரை ஒரு கையால் தாங்குங்கள்.

பழையதையும் புதியதையும் பக்கத்தில் வையுங்கள்

பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். பினியனின் பற்களை இரண்டிலும் எண்ணுங்கள். காதுகளிலுள்ள துளைகளின் இடைவெளி, பினியன் நிற்கும் உயரம், டெர்மினல் இருக்கும் பக்கம், சுற்றும் திசை, எல்லாம் ஒத்துப்போக வேண்டும். ஒரே இன்ஜின் குடும்பத்திலேயே பினியன் தானாகத் திருகிக்கொண்டு வெளியே வரும் வகையும் சோலினாய்டு தள்ளும் வகையும் வந்திருக்கின்றன. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டால் வயரிங்கையும் மாற்ற வேண்டிவரும்.

பொருத்தும் முன்பே புது மோட்டாரை ஓட்டிப் பாருங்கள். காதுப் பகுதியை வைஸில் பிடித்து (உருளையை இறுக்கக் கூடாது, நசுங்கும்), ஜம்பர் கேபிளில் மைனஸை உடலுக்கும் பிளஸ்ஸை டெர்மினலுக்கும் ஒரு கணம் கொடுங்கள். சோலினாய்டு முதுகிலேயே உள்ள வகையென்றால் அதன் சிறிய டெர்மினலுக்கும் பிளஸ் கொடுத்தால்தான் ஓடும். ஓடத் தொடங்கும்போது நன்றாக உதைக்கும், எனவே பிடி உறுதியாக இருக்கட்டும். இதை வண்டிக்குப் பக்கத்தில் செய்ய வேண்டாம்.

பழைய மோட்டாரைத் தூக்கி எறியாதீர்கள். திறந்து பார்த்தால் பெரும்பாலும் பிரஷ் தேய்ந்தோ, துருவில் சிக்கி கூட்டுக்குள் நகராமலோ இருக்கும். பிரஷ் செட் தனியாகக் கிடைக்கும் மாடல் என்றால், கம்யூட்டேட்டரை (பிரஷ் உரசும் செம்பு உருளை) மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, புது பிரஷ் போட்டு, உதிரியாக வைத்துக்கொள்ளலாம். உட்சுவரில் காந்தம் உடைந்திருந்தாலோ கம்பிச்சுற்று கருகியிருந்தாலோ விட்டுவிடுங்கள்.

மோட்டார் எடுத்த இடத்தின் வழியாக ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள பல்வளையம், அதாவது ரிங் கியர், தெரியும். ஸ்பார்க் பிளக் இல்லாமல் இன்ஜினைக் கையால் சுற்றி, விளக்கடித்து எல்லாப் பற்களையும் பாருங்கள். இன்ஜின் நிற்கும்போது கம்ப்ரஷனுக்கு எதிராக ஏறக்குறைய அதே இடங்களில்தான் வந்து நிற்கும். ஆகவே பினியன் போய் மோதுவதும் அதே சில பற்களில்தான். முழு வட்டத்தில் ஒரு பகுதி மட்டும் தேய்ந்திருப்பது இதனால். முனை கொஞ்சம் மழுங்கியிருந்தால் பரவாயில்லை. பல் உடைந்திருந்தால் புது பினியனையும் கடித்துவிடும், அதை முதலில் சரிசெய்யுங்கள்.

புதியதை மாட்டுதல்

மோட்டாரின் காது உட்காரும் இடத்தை உலோகம் பளிச்சென்று தெரியும்வரை கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள். மோட்டாரின் எர்த் அந்த முகத்தின் வழியாகத்தான் போகிறது. புது மோட்டாரின் காதில் பெயின்ட் இருந்தால் அதையும் சுரண்டுங்கள்.

பினியன் திருகி வரும் தண்டுக்கு கிரீஸ் வைக்காதீர்கள். ஈரம் படும் இடமாயிற்றே, கொஞ்சம் வைத்தால் என்ன என்று தோன்றும். கிரீஸில் மண்ணும் பெல்ட் தூளும் ஒட்டி, குளிரில் இறுகி, பினியனை நகரவிடாமல் செய்துவிடும். அதற்கென்று இன்ஜின் கம்பெனிகள் தரும் தனி லூப்ரிகன்ட் இருந்தால், கையேட்டில் சொன்ன இடத்தில் மட்டும் லேசாகப் பூசுங்கள்.

மோட்டாரை இடத்தில் வைத்து இரண்டு போல்ட்டையும் கையாலேயே சில சுற்று ஏற்றுங்கள். கையால் ஏறாத போல்ட்டை ஸ்பேனர் போட்டு ஏற்றினால் அலுமினிய மரை போய்விடும். மரையில் துரு ஒட்டாமலிருக்கச் சிலர் ஆன்டி சீஸ் பூசுவார்கள், நல்ல பழக்கம்தான். ஆனால் வழுக்கும் மரையில் அதே டார்க் அளவு அதிக இறுக்கமாகிவிடும், அதனால் கையேடு என்ன சொல்கிறது என்று பார்த்துச் செய்யுங்கள். அப்புறம் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்ச். மோட்டாரின் உடலில் நீர் வடிய சிறு துளை இருந்தால் அது கீழ்நோக்கி இருக்க வேண்டும், அடைபடவும் கூடாது. நீர் போகாமலிருக்க என்று நினைத்து மோட்டாரைச் சுற்றி சிலிகான் பூசுவது கெடுதல். உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும்.

எர்த் கேபிளுக்கு இப்போதே நேரம் கொடுங்கள். இரு முனைகளையும் கழற்றி, பளபளக்கத் தேய்த்து மாட்டுங்கள். செம்பு பச்சை பூத்திருந்தால் கேபிளையே மாற்றுங்கள், அதே தடிமனில் அல்லது ஒரு படி தடிமனாக. புது முனையில் உள்ளே பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் குழாயைப் போட்டுச் சூடாக்கினால் நீர் கேபிளுக்குள் ஊறாது. எல்லா டெர்மினலையும் இறுக்கிய பிறகு, மேலே டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவி ரப்பர் உறையை மூடுங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

துண்டை எடுத்து உதறி, எண்ணிவைத்த நட்டு, வாஷர், கருவி எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஸ்பார்க் பிளக்குகளை மாட்டுங்கள். பேட்டரியில் இம்முறை பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். நியூட்ரல், பார்க்கிங் பிரேக், சக்கரங்களுக்கு முன்னால் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு சாவியைத் திருப்புங்கள். மூடி திறந்திருக்கையில் பெல்ட்டும் கிளட்ச்சும் சுற்றும். கையும் தொங்கும் துணியும் தள்ளி இருக்கட்டும்.

நல்ல மோட்டார் தயங்காமல் எடுக்கும்; இன்ஜின் பிடித்ததும் பினியன் உடனே விலகிவிட வேண்டும். பிறகும் கிறீச்சென்று சத்தம் தொடர்ந்தால் நிறுத்திவிட்டு, மோட்டார் சாய்வாக உட்கார்ந்திருக்கிறதா, பினியன் சரியானதா என்று பாருங்கள். இன்ஜின் உடனே பிடிக்காவிட்டாலும் ஒரே மூச்சில் 10 நொடிக்கு மேல் சுற்றாதீர்கள். ஒரு நிமிடம் ஆறவிட்டு மறுபடி முயலுங்கள். கோலர் கையேடுகள் சொல்லும் வரம்பு இதுதான். மற்ற இன்ஜின்களுக்கும் இதைக் கடைப்பிடிப்பதில் நஷ்டமில்லை. முதலில் செய்த வோல்ட் சோதனைகளை இப்போது மறுபடி செய்து, எண்களைக் குறித்து வையுங்கள். அடுத்த முறை செல்ஃப் மந்தமாகும்போது ஒப்பிட உதவும்.

இனி நீர். ஒவ்வொரு ஆக்ஸிலும் தொட்டியைத் துளைத்து வெளியேறும் இடத்தில் உட்புறம் விரலை வைத்துப் பாருங்கள். ஈரச் சேறோ, சீலிலிருந்து பிதுங்கிய வெளுத்த கிரீஸோ இருந்தால் அந்த சீலையும் பேரிங்கையும் கவனிக்க வேண்டும். தொட்டியில் தேங்கும் நீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப் இருந்தால் சுவிட்சைப் போட்டு ஓடுகிறதா என்று கேளுங்கள், அதன் வாயை அடைத்த இலை தழையை எடுங்கள். டிரெய்ன் பிளக்குகளின் ரப்பர் வெடித்திருந்தால் புதியது போட்டு, இருக்கை மேல் வைத்த பிளக்குகளைத் திரும்ப மாட்டுங்கள். அதற்கப்புறம்தான் மூடியும் பலகைகளும்.

முதல் தடவை ஆழத்துக்குப் போக வேண்டாம். கரையோரமாகச் சற்று நேரம் மிதந்துவிட்டு ஏறி, வண்டியைப் பிளக் இருக்கும் பக்கம் லேசாகச் சரிவாக நிறுத்தி, பிளக்கைக் கழற்றுங்கள். ஒரு குவளை அளவு வடிந்தால் கவலையில்லை. நிற்காமல் கொட்டிக்கொண்டே இருந்தால், அடுத்த பயணத்துக்கு முன் ஆக்ஸில் சீல்களைக் கழற்றிப் பாருங்கள். எப்படியானாலும் அன்றிரவு மூடியைக் கொஞ்சம் தூக்கி வைத்து, உள்ளே காற்றுப் போக விடுங்கள்.